பட்டம் யார் கணக்கில்?

(புடாபெஸ்ட் நகரின் எம்.டி.கே. கால்பந்துக் கிளப்பின் பயிற்சியாளர்கள் பற்றி நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எந்தக் கால்பந்துக் கிளப்பின் வரலாற்றைப் புரட்டினாலும் கடைசிப் பக்கங்களில் ஓர் அட்டவணை இருக்கும். ஒரு பத்தியில் பயிற்சியாளர் பெயர், அடுத்ததில் அவர் இருந்த ஆண்டுகள், அதற்கடுத்ததில் அவர் வாங்கித் தந்த கோப்பைகள். மூன்றாவது பத்தி நிறைந்திருந்தால் அவர் பெரிய ஆள்; காலியாக இருந்தால் வந்தார், போனார். நாம் எல்லோரும் அப்படித்தான் படிக்கிறோம். அட்டவணை பொய் சொல்வதில்லை. ஆனால் விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் இன்னொருவர் என்ற சங்கதி அதில் ஏறவே ஏறாது. ஹங்கேரியின் எம்.டி.கே. கிளப்பை முன்னிட்டு அந்தச் சங்கதியைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் கிளப்பைப் பற்றிக் கொஞ்சம். 1888 நவம்பரில் புடாபெஸ்டில் உடற்பயிற்சிக் கழகமாகத் தொடங்கியது. கால்பந்து அங்கே வந்து சேர்ந்தது 1901-இல்தான். முதல் லீக் பட்டம் 1904-இல். நீலமும் வெள்ளையும் அவர்கள் நிறம். இன்றுவரை 23 லீக் பட்டங்கள். பரம எதிரி அதே ஊரின் ஃபெரென்ட்ஸ்வாரோஷ். எம்.டி.கே.யின் ஆதரவாளர்களில் நகரத்து நடுத்தர வர்க்க யூதர்கள் கணிசமாக இருந்தார்கள்; இந்த விவரத்தை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும். 1905-இல் ஆல்ஃப்ரெட் ப்ரூல் என்ற செல்வந்தர் தலைவரானார். அவருக்கு ஹங்கேரிய லீக்கை வெல்வது மட்டும் போதவில்லை. ஆட்டம் பிறந்த பிரிட்டனிலிருந்தே ஆசிரியரை வரவழைக்க வேண்டும் என்று நினைத்தார்.

அப்படி 1911-இல் வந்தவர் ஜான் டெய்ட் ராபர்ட்சன். ஸ்காட்லாந்துக்காரர். கிளாஸ்கோ ரேஞ்சர்ஸ் அணியில் தொடர்ந்து நான்கு லீக் பட்டங்கள் வென்றவர். 1905-இல் செல்சி கிளப் தொடங்கியபோது அதன் முதல் மேலாளர். அந்தக் காலத்து இங்கிலாந்து ஆட்டத்தில் பந்தைத் தூக்கி முன்னே அடித்துவிட்டு அதன் பின்னால் ஓடுவதுதான் வழக்கம். ஸ்காட்லாந்துக்காரர்கள் பந்தைத் தரையில் வைத்து, பக்கத்தில் நிற்பவனுக்குச் சின்னச் சின்ன பாஸாகக் கொடுத்து முன்னேறுவார்கள். ராபர்ட்சன் புடாபெஸ்டுக்குக் கொண்டுவந்தது அதைத்தான். 1913-இல் கிளம்பிப் போனார். அவர் இருந்த காலத்து லீக் பட்டங்கள் ஃபெரென்ட்ஸ்வாரோஷுக்குப் போயின. அவர் போன அடுத்த பருவத்தில், 1913-14-இல், எம்.டி.கே. லீக் பட்டம் வென்றது. அட்டவணையின் முதல் கோளாறு இங்கேயே தொடங்கிவிட்டது, பாருங்கள்.

அடுத்து வந்தவர்தான் இந்தக் கதையின் நாயகர். ஜிம்மி ஹோகன். 1882-இல் லங்காஷயரில் நெல்சன் என்ற ஊரில் பிறந்தவர். அப்பாவுக்கு மகனைப் பாதிரியாராக்க ஆசை. மகன் பந்து விளையாடப் போய்விட்டார். பர்ன்லி அணியில் ஆடிய இளவயதில் நடந்த ஒன்றை அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். எதிரணி வீரர்களைத் தாண்டிப் போய் கோலை நோக்கி அடித்த பந்து கம்பத்துக்கு மேலே பறந்துவிட்டது. மேலாளரிடம் போய், என் தவறு என்ன, கால் வைத்த இடம் சரியில்லையா, உடம்பின் சமநிலை சரியில்லையா என்று கேட்டார். அடித்துக்கொண்டே இரு, பத்தில் ஒன்று உள்ளே போனால் போதும் என்பதுபோல் பதில் வந்தது. ஹோகனுக்கு அது பதிலாகவே படவில்லை. மீதி ஒன்பது ஏன் வெளியே போகின்றன என்று தெரிய வேண்டும் அல்லவா? ஆட்டத்தை யோசித்துக் கற்க முடியும், கற்றுக்கொடுக்கவும் முடியும் என்ற எண்ணம் அவருக்கு அங்கே பிடித்தது.

அன்றைய இங்கிலாந்தில் அது ஒரு வினோதமான எண்ணம். வார நாட்களில் வீரர்களுக்குப் பந்தையே காட்டமாட்டார்கள். ஓடு, நட, மறுபடி ஓடு. வாரமெல்லாம் பந்துக்கு ஏங்கினால்தான் சனிக்கிழமை ஆவலோடு துரத்துவான் என்று ஒரு கணக்கு. ஹோகன் கேட்டது எளிய கேள்வி: வாரமெல்லாம் பந்தைப் பார்க்காதவனுக்குச் சனிக்கிழமை அது கையில் கிடைத்தால் என்ன செய்யத் தெரியும்?

1910-இல் ஹாலந்தில் டோர்ட்ரெக்ட் அணிக்குப் பயிற்சியாளராகப் போனார். 1912-இல் வியன்னாவில் ஹியூகோ மைஸ்ல் அவரை ஆஸ்திரிய அணிக்கு அழைத்தார். 1914-இல் மறுபடி வியன்னா. அப்போதுதான் முதல் உலகப் போர் மூண்டது. எதிரி நாட்டுக் குடிமகன் என்று ஹோகனைப் பிடித்து உள்ளே போட்டார்கள். வெளியே வந்ததும் பிழைப்புக்கு ஒரு கடை முதலாளி குடும்பத்துப் பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். எம்.டி.கே.யின் துணைத் தலைவர் தீர்ஸ்தாய் பிரபு தம் செல்வாக்கைப் பயன்படுத்தி அவரைப் புடாபெஸ்டுக்கு வரவழைத்தார். ஒரே நிபந்தனை, போலீஸில் தவறாமல் ஆஜராக வேண்டும். காவலில் இருக்கும் எதிரி நாட்டுக்காரர், ஒரு நாட்டின் பெரிய கிளப்புக்குப் பயிற்சியாளர். இப்படியொரு பணி நியமனத்தை வேறெங்கும் நான் படித்ததில்லை.

கிளப்பின் மூத்த வீரர்களில் பலர் போர்முனைக்குப் போய்விட்டார்கள். ஹோகன் சிறுவர்களைத் தேடினார். ஆங்கோல் பூங்காவில் இரண்டு பள்ளிக்கூடப் பையன்கள் பந்து உதைத்துக்கொண்டிருப்பதைக் கண்டு, இவர்கள் எனக்குத்தான் என்று பிடித்துக்கொண்டாராம். ஒருவன் ஜியார்ஜி ஓர்த், இன்னொருவன் யோஷெஃப் பிரவுன். இருவரும் 1901-இல் பிறந்தவர்கள். பள்ளி விட்டதும் தினமும் மைதானம். இரண்டு காலாலும் பந்தை நிறுத்துவது, வரும் பந்தை ஒரே தொடுதலில் அடக்குவது, கொடுத்த கையோடு காலி இடத்துக்கு நகர்வது. கரும்பலகையில் படம் போட்டு விளக்கம். ஓர்த் பிற்பாடு எந்த இடத்திலும் ஆடக்கூடியவர் என்று பேர் வாங்கினார். கோல் காக்கவும் நின்றிருக்கிறார். ஆட்டத்தையே பாடமாகப் படித்தவனுக்குத் தன் இடம், பிறர் இடம் என்ற பேதம் இருக்காது.

1918-இல் போர் முடிந்ததும் ஹோகன் ஊருக்குப் போனார். போரால் வருமானம் இழந்த ஆட்டக்காரர்களுக்கு 200 பவுண்டு உதவி உண்டு என்று கேள்விப்பட்டு லண்டனில் கால்பந்துச் சங்க அலுவலகத்துக்குப் போனார். அங்கே கிடைத்தது மூன்று ஜோடி காக்கி காலுறை. போர்முனையில் இருந்த பையன்களுக்கு இதுவே பெரிய விஷயமாக இருந்தது என்று குத்திக்காட்டி அனுப்பினார்களாம். எதிரி நாட்டில் போய் வேலை பார்த்தவன் என்ற கசப்பு.

இப்போது கணக்குப் பார்ப்போம். போரால் லீக் நடக்காத இரண்டு பருவங்களை விட்டுவிட்டால், 1913-14 முதல் 1924-25 வரை எம்.டி.கே. தொடர்ச்சியாகப் பத்துப் பட்டங்கள் வென்றது. இந்தப் பத்தில் ஹோகன் பக்கத்தில் எழுதக்கூடியவை 1916-17, 1917-18 என்ற இரண்டே. அவர் போன பிறகு வந்தவை ஏழு! அவற்றை வென்ற அணியில் ஓர்த்தும் பிரவுனும் இருந்தார்கள். அவர் வளர்த்த பையன்கள் ஆளாகி நின்றபோது அவர் அங்கே இல்லை.

1925-இல் ஹோகன் மறுபடி எம்.டி.கே.க்கு வந்தார், 1927 வரை இருந்தார். அந்தக் காலத்தில்தான் தொழில்முறை லீக் வந்து, கிளப்பும் ஹுங்காரியா என்று பெயர் மாறியது. அந்த இரண்டு பருவமும் லீக் பட்டம் ஃபெரென்ட்ஸ்வாரோஷுக்கு. அட்டவணைப்படி பார்த்தால் தோல்வி. ஆனால் அப்போது அவரிடம் பயிற்சி பெற்ற தடுப்பாட்டக்காரர் ஒருவர் இருந்தார்: கியூலா மாந்தி. இந்தப் பெயரையும் நினைவில் வையுங்கள்.

ஹோகன் முதல்முறை விட்டுப்போன இடத்தில் உட்கார்ந்தவர் டோரி கூர்ஷ்னர். எம்.டி.கே.யின் பழைய ஆட்டக்காரர். 1919-இல் பட்டம் வாங்கித் தந்தார். ஆனால் அந்த ஆண்டுகளின் ஹங்கேரியை எண்ணிப் பாருங்கள். போரில் தோல்வி, புரட்சி, எதிர்ப்புரட்சி, பொருளாதாரச் சரிவு, யூதர் மீது வன்முறை. 1920-இல் பல்கலைக்கழகங்களில் யூத மாணவர் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்துச் சட்டமே வந்தது. ஆட்டக்காரர்களும் பயிற்சியாளர்களும் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். கூர்ஷ்னர் ஜெர்மனிக்குப் போய் நூரம்பெர்க் அணிக்கு 1921-இல் பட்டம் வாங்கித் தந்தார்; பிறகு சுவிட்சர்லாந்தில் கிராஸ்ஹாப்பர்ஸ்; 1937-இல் பிரேசிலில் ஃப்ளமெங்கோ.

ரியோவில் அவருக்குக் கிடைத்த வரவேற்பைக் கேளுங்கள். ஐரோப்பாவில் அப்போது வழங்கிவந்த, பின்வரிசையில் மூவரை நிறுத்தும் அமைப்பை அவர் கொண்டுபோனார். நடுக்களத்து நட்சத்திரம் ஃபாஸ்டோவைப் பின்னால் வந்து நில் என்றார். அவர் முடியாது என்றார். அதுவரை பயிற்சியாளராக இருந்த ஃப்ளாவியோ கோஸ்டா இப்போது உதவியாளர்; கேலிக்குக் குறைவில்லை. 1938-இல் கூர்ஷ்னரை அனுப்பிவிட்டார்கள். பொறுப்பு திரும்ப கோஸ்டாவிடம். 1939-இல் ஃப்ளமெங்கோ ரியோ லீக் பட்டம் வென்றது. கோஸ்டா அந்த ஐரோப்பிய அமைப்பையே கொஞ்சம் சாய்த்து மாற்றித் தம்முடையதாக ஆக்கிக்கொண்டார். 1950 உலகக் கோப்பையில் பிரேசில் அணியின் பயிற்சியாளரும் அவரே. கூர்ஷ்னர் 1941-இல் ரியோவிலேயே இறந்துபோனார். ஃப்ளமெங்கோவின் அட்டவணையில் அவர் வந்தார், போனார்.

எம்.டி.கே.யில் ஆடி, உலகெங்கும் பயிற்சியாளராகப் போனவர்களை முழுதாகச் சொன்னால் பொழுது போதாது. ஆல்ஃப்ரெட் ஷாஃபர் திரும்பிவந்து 1936, 1937 பட்டங்களைப் பெற்றுத் தந்தார். 1942-இல் ரோமா அணியின் முதல் இத்தாலியப் பட்டமும் அவர் காலத்தில் வந்தது. பூங்காவில் கிடைத்த ஓர்த் தென் அமெரிக்காவுக்குப் போனார்; 1959-இல் அவருடைய பெரு அணி இங்கிலாந்தை 4-1 என்று தோற்கடித்தது. பேலா குட்மன் 1961, 1962 ஆண்டுகளில் பென்ஃபிகாவை ஐரோப்பியச் சாம்பியனாக்கினார். ஒரு கிளப்பின் ஆடுகளத்திலிருந்து இத்தனை ஆசிரியர்கள் கிளம்பியிருக்கிறார்கள் என்றால், அங்கே ஆட்டம் மட்டும் நடக்கவில்லை, பாடமும் நடந்திருக்கிறது.

எல்லோருக்கும் அந்த வாய்ப்பு அமையவில்லை. 1940-இல் யூதத் தொடர்பைக் காரணம் காட்டிக் கிளப்பையே செயல்படவிடாமல் செய்தார்கள். பூங்காவின் இன்னொரு பையன் யோஷெஃப் பிரவுன் கட்டாய உழைப்புப் படையில் கிழக்கு முனைக்கு அனுப்பப்பட்டு 1943-இல் இறந்தார். ராபர்ட்சனை வரவழைத்த தலைவர் ஆல்ஃப்ரெட் ப்ரூல் 1944-இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்.

போருக்குப் பின் கிளப் மீண்டும் எழுந்தது. 1947-இல் மார்ட்டன் புக்கோவி பயிற்சியாளரானார். இவர் ஃபெரென்ட்ஸ்வாரோஷ் அணியில் ஆடியவர், ஸாக்ரெபில் பயிற்சியாளராகப் பேர் எடுத்தவர். அவர் காலத்தில்தான் அரசு கிளப்புகளைக் கையகப்படுத்தியது. இராணுவத்துக்கு ஹோன்வேத். எம்.டி.கே. முதலில் நெசவுத் தொழிற்சங்கத்திடம், பிறகு இரகசியப் போலீஸிடம். டெக்ஸ்டைல்ஸ், பாஸ்த்யா, வோரோஷ் லோபோகோ என்று அடுத்தடுத்துப் பெயர் மாறியது. மேலே யார் இருக்கிறார்கள் என்ற சத்தத்துக்கு நடுவே புக்கோவி ஆட்டத்தின் ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார்.

அதைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன். அன்றைய அணிகளில் சென்டர் ஃபார்வர்ட் என்றால் ஆஜானுபாகுவான ஆள். எதிரணியின் நடுத் தடுப்பாளரோடு முட்டி மோதிக் கோல் போடுவார். புக்கோவியிடம் அப்படி ஒருவர் இருந்தார், நோர்பெர்ட் ஹோஃப்ளிங். அவரை இத்தாலியின் லாட்சியோ வாங்கிக்கொண்டது. அந்த உடம்புக்கு மாற்று ஆள் இல்லை. வேறொரு பயிற்சியாளராயிருந்தால் இருப்பவர்களில் கொஞ்சம் உயரமானவனை அங்கே நிறுத்திச் சமாளித்திருப்பார். புக்கோவி அந்த இடத்தையே காலிசெய்தார். சென்டர் ஃபார்வர்டைப் பின்னால் இழுத்து நடுக்களத்தில் நிறுத்தினார். பீட்டர் பாலோத்தாஷ் அங்கே நின்று பந்தைப் பிரித்துக் கொடுக்க, உள்பக்க ஃபார்வர்டுகள் இருவரும் முன்னே ஏறினார்கள். நடுவில் ஒருவர் கூடிவிட்டதால் அங்கிருந்த இன்னொருவர், யோஷெஃப் ஸகாரியாஷ், தடுப்பு வரிசைக்கு இறங்கினார். பின்னால் கிட்டத்தட்ட நால்வர் ஆயிற்று. பிற்காலத்தில் 4-2-4 என்று உலகம் பேசிய அமைப்பின் கரு இது.

எதிரணிக்கு வரும் தலைவலியை யோசித்துப் பாருங்கள். நடுத் தடுப்பாளரின் வேலை சென்டர் ஃபார்வர்டை ஒட்டிக்கொண்டு நிற்பது. இங்கே அந்த ஆள் முப்பது கஜம் தள்ளி நிற்கிறார். பின்தொடர்ந்து போனால் கோலுக்கு முன்னால் வாசல் திறந்துவிடும். போகாமல் நின்றால் அவர் நடுக்களத்தில் சாவகாசமாக நின்று பாஸ் கொடுப்பார்.

பாலோத்தாஷ் இடத்தைத் தேசிய அணியில் பிறகு பிடித்தவர் அதே எம்.டி.கே.யின் நாந்தோர் ஹிதெக்குட்டி. 1952 செப்டம்பரில் பெர்னில் சுவிட்சர்லாந்துக்கு எதிராக ஹங்கேரி 0-2 என்று பின்தங்கியிருந்தபோது பாலோத்தாஷுக்குப் பதிலாக அவரை இறக்கினார்கள். ஆட்டம் 4-2 என்று ஹங்கேரிக்கு முடிந்தது. அடுத்த ஆண்டு நவம்பர் 25, வெம்ப்ளி. ஐரோப்பாக் கண்டத்து அணி எதனிடமும் இங்கிலாந்து சொந்த மண்ணில் தோற்றதில்லை. ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் அரங்கில். முதல் நிமிடத்திலேயே ஹிதெக்குட்டி கோல். அவரை விரட்டுவதா, விடுவதா என்று இங்கிலாந்தின் நடுத் தடுப்பாளர் ஹாரி ஜான்ஸ்டன் தடுமாறியது இங்கிலாந்துப் பத்திரிகைகளின் பேச்சாயிற்று. முடிவு 6-3, ஹிதெக்குட்டிக்கு மூன்று கோல்.

உலகம் அந்த அணியின் வீரர் புஷ்காஷைக் கொண்டாடியது. பயிற்சியாளர் என்ற முறையில் பெருமை குஸ்தாவ் ஷெபெஷுக்குப் போனது. தகுதியான மனிதர், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வெற்றியின் வேர்களைத் தோண்டிப் பாருங்கள். சென்டர் ஃபார்வர்டைப் பின்னிழுத்த யோசனை புக்கோவி கிளப்பில் செய்து பார்த்தது. ஹிதெக்குட்டி, ஸகாரியாஷ், லாந்தோஷ் மூவரும் அவருடைய கிளப் வீரர்கள். ஷெபெஷே பழைய ஹுங்காரியா ஆட்டக்காரர். அவருக்கு உதவியாளராக இருந்தவர் கியூலா மாந்தி, ஆம், ஹோகனின் அந்தக் கோப்பையில்லாத இரண்டாம் காலத்து மாணவர். கால்பந்து பற்றி எங்களுக்குத் தெரிந்தது ஹோகன் கற்றுத்தந்தது என்று ஹங்கேரியர்கள் அன்று வெளிப்படையாகவே சொன்னார்கள்.

ஹோகன் அன்று அரங்கில்தான் இருந்தார். ஆஸ்டன் வில்லாவின் இளம் வீரர்களை ஆட்டம் பார்க்க அழைத்து வந்திருந்தார். சொந்த நாட்டில் அவர் கதி என்ன தெரியுமா? 1934-இல் ஃபுல்ஹாம் அவரை மேலாளராக்கியது. எங்களுக்கு என்ன சொல்லிக்கொடுக்க இருக்கிறது என்று வீரர்களே முணுமுணுத்தார்கள். ஒரு பருவம்கூட முடியவில்லை, அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதே வேலையைப் பறித்துவிட்டார்கள். ஃபுல்ஹாமின் அட்டவணையை எடுத்துப் பார்ப்பவருக்கு ஜிம்மி ஹோகன் தேறாத மேலாளர்.

புக்கோவி 1954-இல் எம்.டி.கே.யை விட்டு விலகினார். அவர் காலத்துப் பட்டங்கள் 1951, 1953. அதற்குப் பின் கிளப் 1958-இல் ஒருமுறை வென்றது. 1964-இல் ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பையின் இறுதி ஆட்டம்வரை போய், 3-3 என்று சமனாகி, மறு ஆட்டத்தில் லிஸ்பனின் ஸ்போர்ட்டிங்கிடம் தோற்றது. பிறகு நீண்ட வறட்சி. 1987-இல் யோஷெஃப் வெரெபெஷ், அவரை ‘மந்திரவாதி’ என்றே அழைப்பார்கள், பட்டத்தை மீட்டார். யோஷெஃப் கராமி 1997-இலும், கிளப்பின் கடைசிப் பட்டமான 2008-இலும் பயிற்சியாளர்.

நீங்கள் ஓர் எதிர்க்கேள்வி கேட்கலாம். இதெல்லாம் பயிற்சியாளர் மகிமையா? ப்ரூலின் பணம் இல்லாமல் ராபர்ட்சன் வந்திருப்பாரா? போர் இல்லாவிட்டால் ஹோகன் சிக்கியிருப்பாரா? அரசு அதிகாரம் வீரர்களை ஒருசில கிளப்புகளில் குவிக்காவிட்டால் வெம்ப்ளியில் வென்ற அந்த அணி அமைந்திருக்குமா? நியாயமான கேள்விகள். பணமும் வேண்டும், தற்செயலும் வேண்டும். ஆனால் இரகசியப் போலீஸ் ஆளைச் சேர்க்கலாம். சென்டர் ஃபார்வர்டை எங்கே நிறுத்துவது என்று அதற்குத் தெரியாது. ப்ரூல் ஆசிரியரை வரவழைக்கலாம். பத்தில் ஒன்பது பந்து ஏன் வெளியே போகிறது என்று பையனுக்கு விளக்கியவர் ஹோகன்தான்.

இன்னொன்று. எம்.டி.கே.யின் அரங்கத்துக்கு இன்று ஹிதெக்குட்டி பெயர். பழைய அரங்கில்தான் பெலேயும் ஸ்டாலோனும் நடித்த ‘எஸ்கேப் டு விக்டரி’ படம் பிடித்தார்கள். அதை இடித்துக் கட்டிய புதிய அரங்கம் 2016-இல் திறந்தது. வாசலில் ஆட்டக்காரர் பெயர் இருப்பது பொருத்தமே. கோல் போட்டவர் அவர். புக்கோவி பெயர் அங்கே இல்லையே என்று எனக்கு வருத்தமும் இல்லை. ஆசிரியரின் பெயர் இருக்க வேண்டிய இடம் மாணவனின் ஆட்டம்.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றே. நான்கு ஆட்டம் தோற்றால் பயிற்சியாளரை மாற்று என்று கூச்சல் போடும் காலத்தில் இருக்கிறோம். கிளப் நடத்துபவர்கள், பள்ளிகளில் விளையாட்டு ஆசிரியராக இருப்பவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். ஒரு பயிற்சியாளரை எடைபோடும்போது கோப்பைப் பத்தியைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள்: அவர் போன பிறகு அந்த அணி எப்படி ஆடியது? அவரிடம் ஆடியவர்களில் எத்தனை பேர் பிறருக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு ஆட்டத்தைப் புரிந்துகொண்டார்கள்? இந்தக் கணக்கில் பார்த்தால், புடாபெஸ்டில் இரண்டே பட்டம் பெற்ற ஹோகனைவிடப் பெரிய பயிற்சியாளர் ஹங்கேரிக்கு வாய்க்கவில்லை என்பது என் துணிபு. பட்டத்தை யார் பெயரில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். பாடத்தை அவர் பெயரில் எழுதுங்கள்.